ஊ ஜாம்பியாவின் தண்ணீர்த் திட்டம்

ஐந்து வருஷம் கழித்து என்ன நடக்கும் என்று யாங்கோன் நகரத்திலேயே தெரிந்த ஒரே மனிதர் ஊ ஜாம்பியாதான். மற்ற நாங்களெல்லாம் சாயங்காலம் கரண்ட் வருமா என்பதே தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவர்கள்.

அவருடைய நிஜப் பெயர் கட்டிடத்தில் யாருக்கும் தெரியாது. வாலிபத்தில் ஜாம்பியாவுக்குப் போய், புதிதாகச் சுதந்திரம் வாங்கிய அந்த நாட்டின் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தட்டச்சு செய்தவராம். டைப் அடித்தது மட்டும்தான். பேச்சைக் கேட்டால் நாட்டையே அவர்தான் நடத்தினார் என்று தோன்றும். ஊர் திரும்பியதும், பெரியவர்களுக்கு இங்கே போடும் 'ஊ'வோடு ஜாம்பியாவும் ஒட்டிக்கொண்டது.

"மொத்த நாடும் செம்ப நம்பி இருந்துச்சு தம்பி. செம்பு வெல விழுந்துச்சு. ரோடு, பள்ளிக்கூடம் எத்தனையோ பேப்பர்லயே நின்னுபோச்சு. நான் அடிச்ச பேப்பரு!" என்று சொந்த வீடு இடிந்த மாதிரி சொல்வார். அங்கே நின்றுபோனதை இங்கே பசுந்தாங் பேட்டையில் எங்கள் ஆறு மாடிக் கட்டிடத்திலாவது முடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

கட்டிடத்துக்கு அவர் போட்ட ஐந்தாண்டுத் திட்டத்தில், எலிகளை வருஷா வருஷம் பாதியாகக் குறைப்பது ஓர் அத்தியாயம்.

"மொத்தம் எத்தன எலின்னு தெரியாம பாதி எப்படிங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் மொத வருஷம் முழுக்கக் கணக்கெடுப்பு."

முழங்கால் வலியால் அவர் ஆறாம் மாடியை விட்டு இறங்கியதே இல்லை. காய்கறியும் பேப்பரும் பால்கனிக் கயிற்றில் ஏறி வரும். கட்டிடக்காரர்கள் கூட்டமும் அவர் வீட்டு வாசலில்தான். நாங்கள் படிக்கு ஒருவராக உட்கார்ந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்போம்.

கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும். "மீ லாபீ!" என்று, கரண்ட் வந்துவிட்டதைத் தெருவே பர்மிய மொழியில் கத்திச் சொல்லும். வெளிச்சம் வந்த மறு நிமிஷம் எங்கள் கட்டிடத்தில் தண்ணீர்ச் சண்டையும் வந்துவிடும். இதற்கு ஒரு வழி செய்தே தீருவது என்று அவர் என்னைக் கூப்பிட்டார்.

"எந்த வீட்டுக்கு எத்தன வாளி வேணும்னு கேட்டு எழுதிட்டு வாங்க தம்பி."

"நீங்களே போன்ல கேக்கலாமே?"

"திட்டம் போடறவன் கணக்கெடுக்கக் கூடாது. அது வேற டிபார்ட்மென்ட்."

அந்த டிபார்ட்மென்ட் நான். எனக்கு வயது நாற்பத்தெட்டு. வீடுகளோ ஆறே ஆறு. நான் ஒரு கதவையும் தட்டவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, இரண்டு சமோசா தின்று முடிப்பதற்குள் ஆறு வீட்டுக் கணக்கையும் இட்டுக்கட்டி எழுதிவிட்டேன். நாலாம் மாடி மேரி டீச்சர் ஒற்றை ஆள்தானே என்று மூன்று வாளி போட்டேன்.

அவர் அதை நம்பி அழகாக டைப் அடித்து, முத்திரை குத்தி, மாடிக்கு மாடி ஒட்டச் செய்தார். அதன்படியே வீட்டுக்கு வீடு தண்ணீர் திறந்துவிடச் செய்தார். சண்டை நின்றது. ஊ ஜாம்பியா இரண்டு வாரம் ராஜாவாக இருந்தார்.

மூன்றாவது வாரம் மேரி டீச்சர் மூன்று வாளி போதாமல் கீழேயிருந்து வாளி தூக்கி வரும்போது படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். படுத்த படுக்கையான அக்காவை க்யிம்யிண்டைங் பேட்டையிலிருந்து முந்தின மாதமே கூட்டி வந்திருந்தாராம். தினமும் துணி அலச மட்டும் ஐந்து வாளி வேண்டும்.

"ஏன் டீச்சர் சொல்லல?" என்று கேட்டால், "முத்திர போட்ட பேப்பராச்சே. எல்லாருக்கும் யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்கன்னு இருந்துட்டேன்" என்றார்.

கூட்டம் கூடியது. ஐந்தாம் மாடி கோ மியோ தாளை ஆட்டினார். "ஒண்ணாம் மாடி பூட்டி ரெண்டு மாசமாச்சு. பூட்டுக்குப் பதினோரு வாளியா?"

ஊ ஜாம்பியா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"அடிச்சது நானு. தப்பு என்னோடது" என்றார்.

"ஜாம்பியாவக் கவுத்தாரு, இப்ப நம்மளயும் கவுத்துட்டாரு!" என்றார் கோ மியோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பை நினைத்தால் கூசுகிறது.

மறு வாரம் மகன் வந்து அவரை மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கியவர், இரண்டாம் மாடியில் என் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றார். நான் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன். அவர் தட்டவில்லை. நான் திறக்கவில்லை.

ஊ ஜாம்பியா, அந்தக் கணக்கு முழுவதும் நான் எழுதிய பொய். இந்தப் பக்கத்தை நகலெடுத்து ஆறு மாடியிலும் நானே ஒட்டுகிறேன். டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டேன், பத்து வாளி வேண்டுமாம். நீங்கள் அன்று என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. திரும்பி வாருங்கள். ஆறு மாடியும் நான் உங்களை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.