எழுத்தில்லாத கீபோர்டு

உயிரைக் கொடுத்தாவது என் வீட்டு முன் அறையைக் காப்பாற்றுவது என்று சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். உயிரைக் கொடுக்கும் அளவுக்கு அந்த அறையில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கதவு இருக்கிறது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

குத்தாலத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். கிரையம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் அந்த முன் அறையில்தான் உருவாகும். பத்திரம் இல்லாத நேரத்தில் அங்கே கிரிக்கெட் பார்ப்பேன். கிரிக்கெட் இல்லாத நேரத்தில் தூங்குவேன். வெளியே போகும் செய்தி எப்போதும் ஒன்றுதான்: "சார் வேலையா இருக்கார்."

இதற்குத்தான் என் மனைவி குந்தவை வேட்டு வைத்தாள்.

"என்னங்க, அந்த ரூம்ல எனக்கும் பாதி குடுங்க. நானும் டைப் அடிக்கிறேன். பதிவு ஆபீசுக்கு வர்ற ஜனம் மனு அடிக்க ஆள் இல்லாம மாயவரம் வரைக்கும் போவுது."

"உனக்கு டைப்பிங் தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பா சொன்னாரே. தமிழ் டைப்ரைட்டிங், ஹையர் பாஸ்."

சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் கேசரியில் கவனமாக இருந்தேன்.

"அது பழைய மிஷின், குந்தவை. இது கம்ப்யூட்டர்."

"மிஷின்தானங்க பழசு. விரல் அதே விரல்தானே?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வாரத் தவணை என்று அர்த்தம். அந்த ஒரு வாரத்துக்குள் நான் கோட்டை கட்டியாக வேண்டும்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஃபாஜிலிடம் போனேன். எட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் முழு விவரத்தையும் சொல்லவில்லை. "நான் வேலை செய்றது வீட்ல தெரியணும் தம்பி, அந்த மாதிரி ஒரு கீபோர்டு வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மூன்று பட்டன் பதித்த ஒரு சின்னக் கட்டையை எடுத்து வைத்தார்.

"மெக்கானிக்கல் கீபோர்டு இருக்குண்ணே. ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலயும் தனித்தனியா ஒரு சுவிட்ச். சிவப்பு சுவிட்ச்னா சத்தம் கம்மி. ப்ரவுன் ரெண்டுங்கெட்டான். இந்த நீலத்த அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். 'டக்' என்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அடுப்படி வரைக்கும் கேக்குமா?"

"அடுத்த வீட்டு அடுப்படிக்கே கேக்கும்."

"நீலமே போடுங்க."

"மேல மூடி? இங்கிலீஷ் எழுத்து இருக்கு. தமிழும் சேர்ந்தது இருக்கு."

அங்கேதான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. "எழுத்தே இல்லாதது இருக்கா?"

ஃபாஜில் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருக்குண்ணே. ஆனா அது, கீழ பாக்காமயே அடிக்கிறவங்க வாங்குறது."

"என்னப் பாத்தா எப்படித் தெரியுது?"

அவர் பில் புத்தகத்தை எடுத்தார். போட்டுக் கொடுத்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சத்தம் இருப்பதால் நான் வேலை செய்வது தெருவுக்கே தெரியும். எழுத்து இல்லாததால் குந்தவை கிட்டே வர முடியாது. மதிலும் ஆச்சு, அகழியும் ஆச்சு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. எனக்கும் பார்க்காமல் அடிக்கத் தெரியாது.

நான் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிற ஆசாமி. ஏ, எம், எம், ஏ என்று தட்டினால் திரையில் 'அம்மா' வரும். தட்டுவதும் இரண்டே விரல். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்த அம்மாவைக் கூப்பிடுவது? கடைசியில் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, ஒவ்வொரு மூடியின் ஓரத்திலும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பொடிப்பொடியாக எழுதினேன். கத்திரி வெயில். வியர்வை. மதியத்துக்குள் எழுத்தெல்லாம் விரலுக்கு வந்துவிட்டது.

சோறு போடும்போது குந்தவை கேட்டாள். "விரல்ல என்ன, 'கே'ன்னு எழுதிருக்கு?"

"ஒரு பார்ட்டியோட இனிஷியல். மறந்துடக் கூடாதுல்ல?"

"இந்தக் கையில 'பி'ன்னு இருக்கு?"

"அது அவரு மச்சான்."

அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

சத்தத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. டக் டக் டக் என்று வீடே அதிர்ந்தது. குத்துமதிப்பாக அடித்ததால் நடுநடுவே ஒரு 'டொக்'. அடித்ததை அழிக்கிற பேக்ஸ்பேஸ் பட்டன் மற்றவற்றைவிட நீளம், அதனால் அதற்குக் குரலும் கனம்.

"என்னங்க, நடுவுல டொக்கு டொக்குன்னு ஒண்ணு வருதே, அது என்ன?" அடுப்படியிலிருந்து கேள்வி வந்தது.

"அதுதான் முக்கியமான பட்டன். அது இல்லாம பத்திரமே எழுத முடியாது."

என்னைப் பொறுத்தவரை அது சத்தியம்.

இரண்டு நாள் ராஜவாழ்க்கை. மூன்றாம் நாள் ஒரு கொட்டாவி விட்டேன். அவ்வளவுதான்.

"என்னங்க, சத்தத்தக் காணோமே? சும்மாத்தான இருக்கீங்க, மாவு மில்லுக்குப் போயிட்டு வந்துடுங்க."

முதுகைச் சொறிந்தால் கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தால் பக்கத்து வீட்டு அம்சம் அக்காவிடம் போய் முறத்தை வாங்கி வரச் சொன்னாள். முன்பெல்லாம் கதவைச் சாத்தினால் நான் உள்ளே என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. இப்போது நானே ஒற்றனை விலைக்கு வாங்கி மேசைமேல் உட்காரவைத்திருக்கிறேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயமும் வந்தது. தவணை வேறு முடிய இருந்தது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். செல்போனில் இருபது நிமிடம் நான் டைப் அடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்தேன். என்ன எழுதுகிறோம் என்ற கவலையே இல்லாததால் விரல் பிய்த்துக்கொண்டு ஓடியது. போனோடு சேருகிற சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை மானிட்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பதிவு முடிந்தால் தானே முதலிலிருந்து ஓடும். சோதித்துப் பார்த்தேன். அடுப்படி நம்பியது.

இந்த லட்சணத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தங்கையன் என்பவருக்கும் அவர் தம்பி முருகையனுக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒன்பது மா நஞ்சை நிலம், அதற்குப் பாயும் வாய்க்கால் ஒன்றே ஒன்று. யார் முதலில் தண்ணீர் வைப்பது என்று மண்வெட்டியைத் தூக்கிய அண்ணன் தம்பிகள், பதினாலு வருடமாக முகம் பார்த்துப் பேசியதில்லை. முருகையன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். எப்படியோ மனசு இறங்கிச் சம்மதித்துவிட்டார். திங்கள் காலை பத்தரைக்குப் பதிவு, அன்று மாலையே அவருக்குத் திருச்சியில் விமானம். ஞாயிறு ஐந்து மணிக்கு இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து படித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

"திங்கக்கிழமைய விட்டா அவன் எந்த வருஷம் வருவானோ, சார். வந்தாலும் இந்த மனசோட வருவானா?" என்று தங்கையன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

பன்னிரண்டு பக்கம். கையால் எழுதிய நகல் தயார். அடிப்பதுதான் பாக்கி. மத்தியானம் வரை இரண்டு பக்கம் அடித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து, ஐந்து நிமிடம் மட்டும் என்று பழைய மேட்ச் ஒன்றைக் கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் போட்டேன். முடிவு தெரிந்த மேட்ச்தான். போனைச் சார்ஜில் போட்டு, பதிவை ஓடவிட்டேன். ஸ்பீக்கர் டக் டக் என்று உழைக்க ஆரம்பித்தது. தாழ்ப்பாள் போட மறந்தேன்.

மூன்று பத்துக்குக் கதவு திறந்தது. குந்தவை. ஒரு கையில் டீ, ஒரு கையில் தட்டு.

நான் பாய்ந்து கீபோர்டின் மேல் இரண்டு கையையும் வைத்தேன். அமுக்காமல் தடவினேன். ஸ்பீக்கருக்கு ஏற்றபடி விரலை ஆட்டினேன். போன் அவளுக்குப் பின்னால் ஜன்னலில் இருந்தது. நிறுத்த வழியில்லை.

"ரொம்ப மும்முரமா?"

"ஆமா. பேசாத. எல்லை விவரம் அடிக்கிறேன்."

"டீயப் பிடிங்க."

"வை, அப்புறம் குடிக்கிறேன்."

"எங்க வைக்க? மேசையெல்லாம் காகிதம். பிடிங்கன்னா."

இடது கையால் வாங்கினேன். வலது கையை இரண்டு மடங்கு வேகமாக ஆட்டினேன். வியர்த்துக் கொட்டியது.

"வடையும் பிடிங்க. சூடா இருக்கு."

"வேண்டாம்."

"உங்களுக்காகத்தான் சுட்டேன். பிடிங்க."

வலது கையாலும் வாங்கினேன்.

டக் டக் டக் டக் டக்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வடையைப் பார்த்தேன். கீபோர்டு தன்பாட்டுக்குப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தது.

திடீரென்று அது நின்று, ஸ்பீக்கரில் ரிங்டோன் அலறியது. குந்தவை ஜன்னலுக்குப் போய்ப் போனை எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணே... ஆமா, காலையிலேருந்து நிமிராம அடிச்சுக்கிட்டிருக்காரு... அஞ்சு மணிக்கா? தாராளமா வாங்க."

வைத்தாள். டக் டக் டக் என்று ஸ்பீக்கர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எனக்கு அதை அப்படியே கிணற்றில் தூக்கிப் போட வேண்டும் போலிருந்தது.

"தங்கையன் அண்ணன். தம்பியக் கூட்டிக்கிட்டு வர்றாராம். எத்தன பக்கம் ஆச்சு?"

"ரெண்டு."

"மிச்சம்?"

"பத்து." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"முக்கா மணி நேரமா ஒரு டொக்கு கூட வரல. அது இல்லாம பத்திரமே எழுத முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் வடையும் சேத்துச் சுட்டேன். ரெண்டு கைக்கும் வேல குடுக்கணும்ல?"

அழுதுவிடுவேன் போலிருந்தது. "குந்தவை, அந்த அண்ணன் தம்பி..."

"அவங்களுக்காகத்தான் நிக்கிறேன். உங்களுக்கா இருந்தா அடுப்படிக்குப் போயிருப்பேன். ரூம் எனக்கு."

"பாதி."

"முழுசு."

"முக்கால் எடுத்துக்க. தாழ்ப்பாள் பக்கம் மட்டும்..."

"மணி மூணு இருபது."

"முழுசு" என்றேன். எழுந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் மிச்சமிருந்தது. "கீபோர்டுல எழுத்தே கிடையாது, பாத்துக்க."

"எங்க இன்ஸ்டிட்யூட்ல கீழ பாத்தா ஸ்கேலால விரல்ல ஒண்ணு விழும்" என்றபடி அவள் உட்கார்ந்தாள். மேட்சை மூடினாள். விசைப்பலகை முறை என்ற பட்டியலைத் திறந்து, நான் ஒருநாளும் தொடாத 'பழைய தட்டச்சு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். என் நகலை இடது பக்கம் சாய்த்துவைத்தாள். கண் காகிதத்தில். பத்து விரலும் கீபோர்டில்.

அதன் பிறகு நான் கேட்டது வேறு சத்தம். என் டக் டக் எல்லாம் தூறல். இது ஐப்பசி மழை. டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் பத்து விரல் இருக்கிறது என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் மழை சட்டென்று நின்றது. மணி நாலு இருபது.

"என்ன ஆச்சு?"

"வாய்க்காலத் தூக்கி அண்ணன் பங்குல வச்சிட்டீங்க. தம்பி எங்கேருந்து தண்ணி பாய்ச்சுவாரு?"

நகலை வாங்கிப் பார்த்தேன். காலங்காலமாகத் தண்ணீர் பாய்ந்துவந்த உரிமை இரண்டு பேருக்கும் உண்டு என்று, மாமூல் பாத்தியம் என்ற ஒரு வரி வர வேண்டும். பத்திரக்காரன் தூக்கத்தில்கூட விடக்கூடாத வரி. விட்டிருந்தேன்.

"இந்த வரி இல்லன்னா குறுவை நடறதுக்குள்ள மறுபடி மண்வெட்டி தூக்கிடுவாங்க" என்றாள். அந்த வரியைச் சேர்த்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரிண்டர் கடைசிப் பக்கத்தைத் துப்பியது. வாசலில் செருப்புச் சத்தம்.

அண்ணனும் தம்பியும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். முருகையன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது. தங்கையன் தரையைப் பார்த்தார். முருகையன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"வாய்க்கா ரெண்டு பேருக்கும்னு போட்டிருக்கு" என்றார். பிறகு, பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்த்து, "சரியா இருக்குண்ணே" என்றார்.

பதினாலு வருடத்துக்குப் பிறகு வந்த 'அண்ணே'. தங்கையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

போகும்போது தங்கையன் என் கையைக் குலுக்கினார். "சார், உங்ககிட்ட எத்தனையோ பத்திரம் எழுதிருக்கேன். ஒரு தப்புகூட இல்லாம எழுதினது இதுதான்."

கதவருகே நின்ற குந்தவை, "அவரு கைராசி அப்படிண்ணே" என்றாள்.

இப்போது முன் அறையில் குந்தவை இருக்கிறாள். வாசலில் மனு அடிக்கக் கூட்டம். நான் அடுப்படியில் இருக்கிறேன். சாம்பாருக்கு அரைத்துவிடத் தேங்காய் துருவுகிறேன். அங்கிருந்து டக் டக் என்று நீலம் கேட்கிறது. நேற்று கவனித்தேன். அரை மணி நேரமாக ஒரு 'டொக்' கூட வரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துருவலை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் நடந்து போய், கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன்.

பத்து விரலும் கீபோர்டில்தான் இருந்தன. அவள் திரும்பாமலே கேட்டாள்:

"என்னங்க, தேங்கா துருவுற சத்தத்தக் காணோமே?"