பானட் சாமியும் காவி மெத்தையும்

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகிற சாலையில், ஒரு தகரக் கொட்டகைக்கு முன்னால் நாற்பது கார்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எல்லாவற்றுக்கும் பானட் தூக்கியிருந்தது. கார்காரர்களின் வாயும் ஏறக்குறைய அதே அளவில்தான் திறந்திருந்தது.

உள்ளே பானட் சாமி இருந்தார். மனிதனுக்குக் குறி சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், போட்டி அதிகம். காருக்குக் குறி சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இவர் அவதாரம் எடுத்தார். எஞ்சின் இரைந்தால் அது எஞ்சின் இல்லையாம். ரோட்டில் அடிபட்டுச் செத்த ஆவி பானட்டுக்குள் குந்திக்கொண்டு அழுகிறதாம். டிக்கியில் தாராளமாக இடம் இருக்க, ஆவி ஏன் சூட்டில் போய்க் குந்துகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி கோபித்துக்கொள்வார்.

பரிகாரம் சுலபம். பானட்டுக்கு அடியில் கம்பெனிக்காரன் மாட்டி அனுப்பிய கறுப்பு மெத்தை தீட்டு. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சாமி மந்திரித்த காவி மெத்தையை மாட்ட வேண்டும். மாட்டியதும் அழுகை நின்றதைக் காதால் கேட்டவர்கள் ஜில்லா முழுக்க இருந்தார்கள்.

கல்யாணசுந்தரியும் போனாள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களைத் தன் காரில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டுவது அவள் பிழைப்பு. அந்தக் கார் ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். சவாரி தருகிற ஓட்டல் மேனேஜர், "காவி மெத்தை இல்லாத வண்டிய நாங்க கூப்புடுறதில்லக்கா" என்று சொல்லிவிட்டார். வேறு வழி?

"வண்டி கத்துதா தாயி?" என்றார் சாமி.

"கொஞ்சம் கத்தும் சாமி. டீசல் வண்டி."

"அது டீசல் இல்ல தாயி. பொம்பளப் புள்ள."

சாமியின் கையாள் சொக்கு பானட்டைத் தூக்கி எஞ்சினுக்கு விபூதி பூசினான். சாமி கற்பூரம் காட்டினார். கற்பூரத்தைக் கண்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கண்ணை இறுக மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவளும் போட்டுக்கொண்டாள். பிறகு வண்டியை எடுத்து மிதித்தால், 'ஓ'வென்று ஓர் அலறல். வரும்போது இல்லாத அலறல்.

காவி மெத்தையை மாட்டி மறுபடி கற்பூரம் காட்டினார்கள். மற்ற வண்டிகள் இரண்டாம் கற்பூரத்தில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை.

சாமி உதட்டைப் பிதுக்கினார். "கன்னி கழியாமச் செத்த புள்ள. மெத்தைக்கு அடங்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டிய கைமாத்திரு. அதுவரைக்கும் பானட்டத் தொறக்கப்படாது. தொறந்தவுக ரத்தம் கக்கிச் சாவாக."

"இத யாரு சாமி வாங்குவாக?"

அதற்கும் ஆள் இருந்தது. சாக்கோட்டையில் பழைய கார் வியாபாரம் பார்க்கும் காளிராஜ் என்ற தியாகி, தோஷ வண்டிகளைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறாராம். பாதி விலைக்கு. அவர் சாமிக்கு மைத்துனர் என்பது தற்செயல். நல்ல ஓட்டத்தில் இருக்கிற வண்டிகளாகப் பார்த்தே கன்னிப் பேய் பிடித்ததும் தற்செயல்.

வியாழக்கிழமை கடைசிச் சவாரி. ஏறியவர் பெத்தாச்சி செட்டியார். சென்னையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து, கீழச்சிவல்பட்டியில் இருக்கிற பூர்வீக வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டிவிட்டுப் போவார். அத்தனை கதவையும் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பாதி வழியில் "மேக்கால கதவப் பூட்டுனேனா?" என்று வண்டியைத் திருப்பச் சொல்கிற ஆள்.

வழியெல்லாம் கார் அலறியது. சுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். ஒரு டீக்கடையில் நிறுத்தி, இரண்டு டீயோடு திரும்பி வந்தால், பானட் தூக்கியிருந்தது. செட்டியார் உள்ளே குனிந்திருந்தார். டீ கீழே போயிற்று.

"ஐயா! தொறந்துட்டீகளா? ரத்தம் கக்குவீகய்யா!"

"நான் எதுக்கு ஆத்தா கக்கணும்? கண்ணாடி ஒரே புழுதி. தொடைக்கிற தண்ணி தீந்து போச்சுன்னு ஊத்துனேன். இங்குட்டு ஒரு கறுப்பு டப்பாவுல கொக்கி தொறந்து கெடந்துச்சு. தொறந்து கெடக்கறதப் பாத்தா நமக்குத்தான் கை நிக்காதே! மாட்டிவிட்டேன்."

அவள் வண்டியை எடுத்தாள். அலறலைக் காணோம். இன்னும் அழுத்தி மிதித்தாள். டீசல் வண்டி, டீசல் வண்டி போலவே இரைந்தது.

சாயங்காலம் வரை செட்டியாரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ரத்தம் கக்கவில்லை. நாலு பணியாரம் தின்று, சட்னி காரம் போதாது என்றார்.

அது எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் டப்பா. மூடி சரியாக உட்காராவிட்டால் அலறத்தான் செய்யும். சாமியிடம் போகும்போது மூடியிருந்த கொக்கி திரும்பும்போது எப்படித் திறந்தது? அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது யார்? நான்தானே! அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. முதல் ஆத்திரம் தன்மேல்தான்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் நல்ல கூட்டம். காளிராஜ் பத்திரமும் பேனாவுமாக நின்றார். கார் அமைதியாக வந்து நின்றதும் அவர் முகம் செத்துவிட்டது. சாமி சமாளித்தார்.

"பதுங்குது தாயி. ஏமாந்துராத."

"அப்ப கற்பூரம் காட்டுங்க சாமி. வெளிய வரட்டும்."

கற்பூரம் எரிந்தது. கூட்டம் கண்ணை மூடியது. சுந்தரி கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டாள். விபூதி பூசிய சொக்குவின் கை எஞ்சின்மேல் ஊர்ந்து, டப்பாப் பக்கம் போய், 'டக்'. வண்டியை எடுத்து மிதித்தாள். அலறல்! கூட்டம் ரெண்டடி பின்னால் போயிற்று.

"பாத்தியா தாயி!" என்றார் சாமி.

"பாத்தேன் சாமி. நல்லாப் பாத்தேன்." காவி மெத்தையை உருவி அவர் மடியில் வைத்தாள். "இன்னொரு கற்பூரம் காட்டுங்க. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கங்க. கண்ண மட்டும் மூடாதீக. சொக்கண்ணன் கையவே பாருங்க."

கற்பூரம் எரிந்தது. அத்தனை கண்ணும் ஒரே கையைப் பார்த்தன. சொக்குவுக்கு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் தலையைச் சொறிந்தான். கற்பூரம் அணைந்தது. வண்டி அலறிக்கொண்டே இருந்தது.

சுந்தரி வண்டியை நிறுத்தி, ஒரு விரலால் கொக்கியை மாட்டிவிட்டு, மறுபடி எடுத்தாள். அலறல் இல்லை.

"மெத்தை உங்க மடியில இருக்கு. அழுத புள்ள எங்க சாமி போச்சு?"

சாமி மெத்தையை மடியிலிருந்து மெல்லத் தள்ளிவிட்டார்.

வேன் டிரைவர் முத்தரசு ஓடிப்போய்த் தன் காவி மெத்தையைப் பிய்த்துப் பார்த்தான். ஓரம் கருகியிருந்தது. "அடப்பாவி, இலவம்பஞ்சு! கொதிக்கிற எஞ்சினுக்கு மேல பஞ்சையா வச்ச? கம்பெனி மெத்தை லேசுல தீப்பிடிக்காதுய்யா. கொஞ்சம் சத்தத்தக் கொறைக்கும், பானட்டு பெயிண்டு சூட்டுல போகாமப் பாத்துக்கும். அம்புட்டுத்தான் அதோட வேல. அதையும் புடுங்கிட்டியே!"

யாரோ சாமியின் சொந்தக் காரைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே கம்பெனி மெத்தை, பிய்க்காமல், தூசி படாமல் இருந்தது. அதன் பிறகு சாமிக்குக் கிடைத்த மரியாதையை விவரிக்க வேண்டாம். அவரை ஏற்றிக்கொண்டு போன போலீஸ் ஜீப் பயங்கரமாக அலறியது. சாமி பரிகாரம் எதுவும் சொல்லவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம் ஊர் உருப்பட்டிருக்கும். அடுத்த வாரம் சுந்தரியின் வாசலில் மூன்று கார்கள். ஒருவர் தட்டில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு பயபக்தியோடு நின்றார்.

"அக்கா, ஒங்க விரல் பட்டாலே பேய் ஓடிருதாமே. எங்க வண்டியிலயும் ஒருக்கா வையுங்க."

சுந்தரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவன் போயி ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள நானா? ஏன்யா, சொந்தமா யோசிக்கிறதுன்னா அம்புட்டுப் பயமா ஒங்களுக்கு?"