ஐந்தாம் போர்ட்

அரைமணி நேரத்தில் பதினோரு முறை ஐந்தாம் போர்ட் செத்துச் செத்துப் பிழைத்திருந்தது. வேலைக்கு வந்த சின்னவன், தோள்பையைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தபடி நின்றான்.

அந்நிய ஊரில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் ஸ்விட்சுகளைக் கவனிப்பதுதான் அவன் பிழைப்பு. எந்த ஒயர் எப்போது உயிர் பெற்றது, எப்போது அறுந்தது என்று ஸ்விட்ச் வரி வரியாக எழுதிவைக்கும் லாகைப் படிக்க வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்புமுன் அப்படி ஒரு பெட்டியை அப்பா வீட்டிலும் மாட்டிவிட்டு வந்திருந்தான். அதன் லாகை இங்கிருந்தே திறந்து பார்ப்பான். ஒயர் செருகும் துளைகளில் ஐந்தாவது, அதாவது ஐந்தாம் போர்ட், அப்பாவின் கம்ப்யூட்டர்.

"போறதுன்னா போ. அப்புறம் என்கூடப் பேச்சு வேணாம்" என்றிருந்தார் அப்பா. இரண்டு வருடமாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவந்தார். காலை ஏழு மணிக்கு ஐந்தாம் போர்ட் உயிர் பெறும், எட்டு மணிக்கு அணையும். அப்பா இருக்கிறார். அவனுக்கு அந்த இரண்டு வரி போதும்.

ஆனால் பதினோரு முறை என்றால்? தலைசுற்றி ஒயரில் தடுக்கித் தடுக்கி விழுகிறார், வேறென்ன! அதே வீட்டு மாடியில் இருந்த அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, உடனே டாக்டரைக் கூட்டிட்டு வா!"

டாக்டர் வந்தார். மேசைக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்த அப்பா, கையில் துடைப்பத்தோடு அவரை வாசல்வரை வழியனுப்பினார்.

"ஒயர் லூசுடா. கூட்டும்போது ஆடியிருக்கு. டாக்டர் முன்னாடி என் மானமே போச்சு!" என்றாள் அக்கா போனில்.

"கோவிச்சுக்காதேக்கா. நானே இங்கிருந்து சரி பண்றேன்."

அப்பா வீட்டு ஸ்விட்சை இங்கிருந்தே ஒருமுறை அணைத்து மறுபடி போட்டான். அதற்குள் மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரில் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்த அக்காவின் திரையும் சேர்ந்து இருண்டது.

"டேய், அங்க உக்காந்துகிட்டு எங்களை ஆட்டிவைக்காதே! இனிமே அந்தப் பெட்டியை எட்டிப் பாத்தே, நானும் உன்கூடப் பேச மாட்டேன்."

வீட்டில் அவனோடு பேச மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஐந்தாம் நாள் கை கேட்கவில்லை. திறந்துவிட்டான்.

ஐந்தாம் போர்ட் நான்கு நாளாக அணையவே இல்லை.

கம்ப்யூட்டரைப் போட்டவர் அதை அணைக்கவே இல்லை என்றால்... அக்காவோ மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு டெய்லரை அழைத்தான்.

"அண்ணே, அப்பாவுக்கு மூச்சு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே."

"என்ன பேச்சு தம்பி இது! இரு, போறேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது.

"இருக்காருப்பா. கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கார். கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு."

"அப்படி என்னதான் பாக்குறார்? கேளுங்களேன்!"

டெய்லர் ஏதோ கேட்டார். முணுமுணுப்பாக ஒரு பதில். அப்புறம் போனில் வந்த டெய்லரின் குரல் இறங்கியிருந்தது.

"நீ எட்டிப் பாக்குறப்பல்லாம் அந்தப் பெட்டி உன் பேரையும் எழுதுமாமே தம்பி, ரெண்டு வருஷமா தினம் உன் பேரு விழுந்தப்புறம்தான் அணைப்பாராம், நாலு நாளா விழலையேன்னு அப்படியே உக்காந்திருந்தாராம், இப்பதான் விழுந்துச்சுன்னு அழுறாருப்பா."