விமானத்துக்கு நான் வைத்த பொட்டு

எந்த மெஷினைப் பார்த்தாலும் என் வலது கைப் பெருவிரல் சும்மா இருக்காது. பொட்டு வைக்க இடம் தேடும். இது பக்தியா, வியாதியா என்று என் மனைவி செல்வி முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் மெஷினின் வாய், பெல்ட் ஓடும் சக்கரம், சுவிட்ச் போர்டு, தராசு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் முதல் அரிசியைக் கொட்டுவேன். வீட்டிலும் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் நெற்றி உண்டு. (ஃபிரிட்ஜுக்கு எதுக்குங்க பொட்டு? இதுவும் செல்வி கேட்டதுதான்.)

இந்தப் பெருவிரலால் என் மகள் கோதையின் வேலையை ஒரு வெள்ளிக்கிழமை நான் கவிழ்க்கப் பார்த்தேன். எட்டு வருடமாகிவிட்டது. இப்போது சொல்லலாம்.

பிளஸ் டூ முடித்ததும் கோதை, விமானப் பராமரிப்பு இன்ஜினியருக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். நான் எட்டாவதோடு நின்றவன். விமானத்தில் ஓட்டுகிறவர் இருப்பார், காபி கொடுக்கிறவர் இருப்பார் என்பது வரைதான் எனக்குத் தெரியும்.

"நம்ம மெஷின் நின்னுபோனா யாரைப்பா கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"மெக்கானிக்கை."

"மேல பறக்கறப்ப நின்னுபோனா?"

"பெருமாளை."

"அவரைக் கூப்பிடற நிலைமை வராம, கீழ இருக்கறப்பவே பாக்க ஆள் வேணும்ல? அதுதாம்ப்பா நான். லைசென்ஸ் வாங்கின இன்ஜினியர் பாத்துக் கையெழுத்துப் போடாம எந்த விமானமும் கிளம்பாது."

கையெழுத்து என்றதும் நான் விழுந்துவிட்டேன். என் கையெழுத்துக்கு ரேஷன் கடையில்கூட மதிப்பில்லை. என் பெண் கையெழுத்துப் போட்டால் விமானம் பறக்குமா! சேர்த்துவிட்டேன். உப்பிலியபுரத்தில் இருக்கும் செல்வியின் அண்ணன்தான், "ஏன் மாப்ள, பொம்பளப் புள்ளைய ஸ்பேனர் புடிக்கவா படிக்க வெப்பாங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் குத்தினார்.

சேரும்போது கல்லூரியில் நிறையச் சொன்னார்கள். விமானக் கம்பெனியில் வேலை, ஹெலிகாப்டரில் வேலை, பெரிய பெரிய பழுது பார்க்கும் கூடங்களில் வேலை, துபாய் பக்கம்கூடப் போகலாம் என்றார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பரீட்சை எழுதினால் மட்டும் லைசென்ஸ் வராதாம். நிஜ விமானத்தில் சில வருடம் கைவேலை பார்த்திருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு கம்பெனி உள்ளே விட வேண்டும். அந்த முதல் கதவு திறப்பதுதான் கஷ்டம். இரண்டு கம்பெனிகள் வந்து பார்த்துவிட்டு, கோதையை எடுக்காமல் போய்விட்டன. அந்த வருடத்துக்குக் கடைசியாக பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். இதுவும் போனால் தை மாதம் கல்யாணம் என்று செல்வியின் அண்ணன் ஒரு ஜாதகத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கம்பெனி வந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தாயார் சன்னிதியில் நின்று, "அம்மா, அவளுக்கு ஒரு கதவு திறந்துவிடும்மா" என்று அழாத குறையாகக் கேட்டேன். பிறகு டிவிஎஸ்ஸில் கோதையை ஏற்றிக்கொண்டு, புதுக்கோட்டை ரோட்டுப் பக்கம் இருக்கும் கல்லூரிக்குப் போனேன்.

"நீங்க வீட்டுக்குப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுத்துத் தேர்வுக்குப் போனாள். சரிம்மா என்றேன். போகவில்லை. போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்ததில் அவருக்கும் செல்வியின் ஊரான உப்பிலியபுரம்தான். "நம்மூர் மாப்ளையா! போய் விமானத்தைப் பாத்துட்டு வாங்கண்ணே. தொட்டுராதீங்க" என்று, ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகைக்குள் விட்டுவிட்டார்.

பயிற்சிக்காக நிறுத்தியிருந்த சின்ன விமானம். வெள்ளை உடம்பில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. அதுவரை விமானத்தை நான் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். இது என் தோள் உயரத்தில் நின்றது. என் பெண் இதோடுதான் வாழப் போகிறாள் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. கூடவே ஒன்று உறுத்தியது. இவ்வளவு பெரிய மெஷின், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, வெறும் நெற்றியோடு நிற்கிறதே!

சட்டைப் பையில் சந்தனமும் குங்குமமும் வைத்த டப்பா இருந்தது. (வெள்ளிக்கிழமை எப்போது இல்லாமல் இருந்தது?) யார் கண்ணிலும் படாமல் ஒரே ஒரு பொட்டு என்று இடம் தேடினேன். இடது பக்கம், சிவப்புக் கோட்டின் மேலேயே, அளவெடுத்தது போல் ஒரு வட்டம். நடுவில் ஒரு துளி ஓட்டை. பொட்டுக்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. கம்பெனி பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெருவிரலில் சந்தனம் எடுத்து அழுத்தி வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். மனசு நிறைந்து கிடந்தது.

உள்ளே நடந்ததை கோதை பிறகு சொன்னாள். செய்முறைத் தேர்வு அந்த விமானத்தில்தான். கம்பெனிக்காரர்கள் முந்தின நாளே ஐந்து குறைகளை அதில் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சுற்றிப் பார்த்து, கண்டுபிடித்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். கோதை எட்டாவது ஆள். ஐந்தையும் எழுதிவிட்டு இடது பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெருவிரல் தடத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

கொட்டகைக்குள் வேறு யாரும் இல்லை. கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்திருக்கலாம். அவள் பேனாவை எடுத்து எழுதினாள்: ஆறு, காற்றழுத்தத் துளை சந்தனத்தால் அடைபட்டிருக்கிறது.

தாளைப் பார்த்த அதிகாரி, நரைத்த மீசை வைத்தவர், "நாங்க வெச்சது அஞ்சுதானேம்மா, ஆறாவது எங்கேருந்து வந்தது?" என்று எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். முன்னால் போன ஏழு பேரையும் கூப்பிட்டு, "இது உங்க யார் கண்ணுலயும் படலையா?" என்று கத்தினார்.

"பாத்தோம் சார். பூஜை போட்டிருக்காங்கன்னு நெனச்சோம்" என்றான் ஒருவன்.

இன்னொருவன், "நான் கும்பிட்டுட்டுதான் சார் ஆரம்பிச்சேன்" என்றானாம்.

"யார் வேலை இது?"

"எங்கப்பா சார்" என்றாள் கோதை.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வாழ்த்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தலையைக் கோதிக்கொண்டு போனேன்.

"பெரியவரே, இந்த ஓட்டை எதுக்குன்னு தெரியுமா? எவ்ளோ உயரத்துல பறக்கறோம்னு பைலட்டுக்குச் சொல்றதே இதுதான். இதை அடைச்சுட்டா மலை எங்க, தரை எங்கன்னு அவருக்குத் தெரியாது."

தவறு செய்தவன் சும்மா நிற்கலாம் அல்லவா? "இதோ தொடைச்சிடறேன் சார்" என்று தோளில் கிடந்த துண்டின் நுனியைத் திரித்து ஓட்டைக்குள் விட்டேன். வெளியே இருந்த சந்தனம் உள்ளே போயிற்று. துண்டிலிருந்த நேற்றைய அரிசி மாவும் கூடவே போயிற்று.

"கையை எடுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கொட்டகைப் புறா எல்லாம் பறந்துவிட்டது.

ஓட்டைக்குப் பின்னால் இருந்த குழாயைக் கழற்றி, சுத்தம் செய்து, மாட்டி, சோதித்துப் பார்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கோதைதான் முன்னால் நின்று செய்தாள். நான் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு திருகையும் எண்ணித் தட்டில் வைத்தாள். எண்ணி எடுத்து மாட்டினாள். என் மில்லில் வெள்ளிக்கிழமை நான்கூட அவ்வளவு சிரத்தையாக இருந்ததில்லை.

முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். திரும்பி வரும்போது வண்டி காவேரிப் பாலத்தில் ஏறியது.

"என்னைக் காட்டிக் குடுத்துட்டியேம்மா" என்றேன்.

"இல்லப்பா. பாத்ததை எழுதினேன்" என்று என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தும் வண்டியை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் தாயார் சன்னிதிப் பக்கமே போகவில்லை. திறந்துவிடச் சொல்லிவிட்டு நானே போய் அடைத்துவிட்டு வந்தவன், எந்த முகத்தோடு போவது? அண்ணன் ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்திருந்த அன்றுதான் போன் வந்தது. மீசைக்காரரே பேசினார். கோதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெத்த அப்பாவையே எழுதிக் குடுத்தவ, நாளைக்கு ஹேங்கர்ல எவனையும் விட மாட்டா. ஒண்ணாம் தேதி வந்து சேரும்மா. ஒரே ஒரு கண்டிஷன், உங்கப்பாவை மட்டும் கூட்டிட்டு வராத."

செல்வி சிரித்துச் சிரித்து அழுதாள். அண்ணன் ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மாப்ள, எனக்கு ஒரு காபி குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

இப்போது கோதை லைசென்ஸ் வாங்கி, அதே கம்பெனியில் கையெழுத்துப் போடுகிறாள். புதிதாக வருகிறவர்களைச் சோதிக்கும் வேலையும் அவளுடையதுதான். அங்கே சோதனைக்கு வைக்கும் குறைகள் இப்போது ஐந்து இல்லை, ஆறு. ஆறாவது, காற்றழுத்தத் துளையில் ஒரு துளி சந்தனம். அந்தக் குறைக்கு அந்த ஹேங்கரில் பெயரே 'அப்பா'தானாம். "இந்த வருஷம் பன்னெண்டு பேர் வந்தாங்கப்பா. நாலு பேருதான் அப்பாவைக் கண்டுபிடிச்சாங்க" என்று போனில் சொல்லிச் சிரிப்பாள். இங்கே வெள்ளிக்கிழமை நான் டப்பாவைத் திறந்தாலே செல்வி, "ஓட்டை இருக்கான்னு பாத்து வைங்க" என்கிறாள். மிளகாய் அரைக்க வருகிறவர்கள் வரை இந்தக் கதை தெரியும்.

சோதனைக்கான சந்தனம் வருடா வருடம் ஸ்ரீரங்கத்திலிருந்துதான் போகிறது. தாயார் சன்னிதியில் வைத்து வாங்கி, நானே பார்சல் கட்டுகிறேன். போன தடவை கட்டும்போது, "கண்டுபிடிக்க முடியாதபடி அழுத்தி வைக்கணும்னா அதுக்கு ஒரு பக்குவம் இருக்கும்மா. நான் வேணா ஒரு நடை வந்து வெச்சுட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

"சந்தனம் போதும்ப்பா" என்றாள். "நீங்க வர வேணாம்."