எண்பத்தாறு சென்டிமீட்டர்

ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று மகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். இரண்டரை வயதுப் பிள்ளை ஸ்வெட்டரோடு கட்டிலுக்கடியில் இருந்தால் எந்த அப்பாவுக்கும் குடி முழுகிப் போகாது. ஆனால் இந்த அப்பா சுங்க அதிகாரி. அந்த ஸ்வெட்டர் அரசாங்கத்தின் சாம்பிள். மறுநாள் காலை பத்து மணிக்கு அது விசாரணை மேசையில் இருந்தாக வேண்டும்.

அலுவலகத்தில் அவருக்கு 'டேப்' என்று பெயர். எந்தத் துணியையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். பத்தொன்பது வருஷத்தில் இறக்குமதியாளர் யாரிடமும் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. அதை நாளுக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவது அவருடைய பலவீனம்.

சமாசாரம் இதுதான். எண்பத்தாறு சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள பிள்ளைக்கான பின்னலாடை என்றால் அது கைக்குழந்தை உடுப்பு, வரி குறைவு. அதற்கு மேலே போனால் வேறு இனம், வரி அதிகம். நாலாயிரம் ஸ்வெட்டர்கள் கைக்குழந்தை உடுப்பு என்ற பெயரில் வந்து இறங்கியிருந்தன. அதிலிருந்து எடுத்துச் சாம்பிள் அறையில் வைத்திருந்த ஒரே ஒரு ஸ்வெட்டரை வரவழைத்துப் பார்த்த டேப்புக்கு அது பெரியதாகப் பட்டது. இறக்குமதியாளரின் முகவர் ஒரு வாரமாக நடையாய் நடந்து, எல்லாம் சின்ன அளவுதான் என்று சத்தியம் செய்தார். டேப் மசியவில்லை. பொய்யான அறிவிப்பு என்று மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டார்.

கொடுத்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. ஸ்வெட்டரை அளக்கலாம். அதைப் போடப்போகும் பிள்ளையை எப்படி அளப்பது? வீட்டில் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டரில் ஒரு பிள்ளை இருந்தது. அவளுக்குச் சரியாக இருந்துவிட்டால் முகவர் வாயே திறக்க முடியாது.

சாம்பிளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான். ஸ்வெட்டரைச் சாப்பாட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டியபோது காவலாளி வழக்கம்போல வணக்கம் வைத்தார். டேப்புக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

மகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. டேப்பின் சந்தோஷம் இரண்டு நிமிஷம் நீடித்தது. பிறகுதான் கட்டிலுக்கடியில் போய்விட்டாளே.

திராட்சைச் சாறு காட்டினால் வெளியே வருவாள் என்று நினைத்தார். வந்தாள். குடித்ததில் பாதி ஸ்வெட்டருக்குப் போயிற்று. மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்குள் கறையைப் போக்கிவிட வேண்டும் என்று, அவள் அழ அழ ஸ்வெட்டரைக் கழற்றி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கசக்கினார். கறை போயிற்று. கூடவே ஸ்வெட்டரும் பாதி போயிற்று. உள்ளங்கையில் வைத்தால் அடங்கிவிடும்போல இருந்தது.

உள்ளே வந்த மனைவி அதைத் தூக்கிப் பார்த்து, பொம்மைக்குச் சட்டை வாங்கினீர்களா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். உடம்பு அப்படியே இருக்க, கைகள் மட்டும் நீண்டன. இஸ்திரி போட்டுப் பார்த்தார்கள். இன்னும் நீண்டன. கடைசியில் அதன் உடம்பு பொம்மைக்கும் கைகள் டேப்புக்கும் பொருந்துகிற நிலைமைக்கு வந்தது.

"இது யாருதுங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் சாம்பிள்."

சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"நீங்களா?"

அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம். பத்தொன்பது வருஷமாக அவள் தன் அண்ணனிடமும் அக்காவிடமும் சொல்லிப் பெருமைப்பட்ட மனுஷன், ஒரு குழந்தைச் சட்டையைத் திருட்டுத்தனமாகப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறார். டேப்புக்கு உடம்பே கூசியது.

காலையில் விசாரணை அறைக்கு வெளியே முகவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டேப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதை டேப்பை இன்னும் கொன்றது. நேரே மேலதிகாரியின் அறைக்குப் போய்ப் பையிலிருந்த கோலத்தை மேசைமேல் வைத்து, கட்டில், திராட்சைச் சாறு, வெந்நீர் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

மேலதிகாரி கறாரான பெண்மணி. அவர் எழுந்து கத்துவார் என்று டேப் காத்திருந்தார். அவரோ குனிந்த தலை நிமிரவில்லை. காது மடல்கள் மட்டும் சிவந்திருந்தன. இந்த ஆளின் முகத்தில் விழிக்கவே பிடிக்காத அளவுக்கு வெறுத்துவிட்டார் என்று டேப்புக்குப் புரிந்தது.

"மெமோ குடுங்க மேடம். சஸ்பெண்ட் வேணும்னாலும் பண்ணுங்க."

"அதெல்லாம் எதுக்கு? முகவர் சொன்ன அளவையே ஏத்துக்கிட்டு ஃபைலை மூடிடுங்க. இதை யார்கிட்டயும் பேச வேண்டாம்."

"தப்பு பண்ணிட்டேன் மேடம்..."

"போங்கன்னு சொல்றேன்ல."

டேப் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாம்பிள் அறைக்குப் போனார். பத்து வருஷமாக அந்த அறையின் சாவியை வைத்திருக்கும் ஊழியர், அந்த நீண்ட கை ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப் அவரிடமும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, மேடத்துக்கு எவ்வளவு பெரிய மனசு, ஒரு வார்த்தை திட்டவில்லை என்று தழுதழுத்தார்.

ஊழியர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க எப்படி சார் திட்டுவாங்க? நிஜ சாம்பிளைப் பேரனுக்குப் போட்டுப் பாக்கறேன்னு எடுத்துட்டுப் போய்த் தொலைச்சுட்டாங்க. நீங்க கொண்டுபோனது அதுக்குப் பதிலா அதே மாதிரி கடையில வாங்கி வச்சது, அந்தச் சின்ன அளவு கிடைக்கலைன்னு ஒரு அளவு பெருசா."