சதுப்பில் பியூலா

பியூலா சதுப்புக்குள் போய்விட்டாள் என்று கைபேசி காட்டியபோது, லிண்ட்சே அந்தச் சதுப்பின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

திரையில் அவளுடைய நீலப் புள்ளி தெளிவாக இருந்தது. எதிரே மழையும் ஆளுயரக் கோரையும்தான் இருந்தன.

போன வருஷம் இதே கோரைக்குள் ஒளிந்துதான் பியூலா கன்று போட்டாள். தேடிப் பிடிப்பதற்குள் கன்று சேற்றில் மூழ்கிவிட்டது. லிண்ட்சே அன்று அழுதார். கேட்டவர்களிடம் சளி என்றார். இப்போதும் அவள் நிறைசினை. இன்னொரு கன்றை இழக்கக் கூடாது என்றுதான் இந்த வருஷம் எல்லா மாடுகளுக்கும் கழுத்துப்பட்டை. கைபேசியில் விரலால் கோடு போட்டால் அதுதான் வேலி. மாடு நெருங்கினால் பட்டை கூவும், அதிரும், மாடு திரும்பிவிடும். விற்றவர் அப்படித்தான் சொன்னார்.

லிண்ட்சே அவளை வெளியே தள்ள ஒரு கோடு இழுத்தார். ஈரக் கை வழுக்கி, மொத்த மந்தையின் வேலியும் இடம் மாறியது.

உடனே மனைவி நைரி அழைத்தாள்.

"லிண்ட்சே, உன் மாடுங்க என் தோட்டத்துல நிக்குதுங்க."

"எத்தனை?"

"எல்லாம்! கீரை முடிஞ்சுது, இப்ப முட்டைக்கோஸ்."

"பியூலா இருக்காளா பாரு."

"எல்லாம் பின்பக்கத்தைத்தான் காட்டுதுங்க. நான் யாரைன்னு கண்டுபிடிக்க?"

அவர் அவசரமாகக் கோட்டையே அழித்தார். மந்தை சாலைக்குப் போய்ப் பால் லாரியை மறித்துக்கொண்டது.

"இனிமே நீ வேலியைத் தொட்டே, நடக்கிறதே வேற" என்றாள் நைரி. "என் போன்ல நான் பாத்துக்கறேன். மாடுங்களை ஓட்ட விரெமுவை அனுப்பியாச்சு. நீ பியூலாவைப் பிடி."

விரெமு பால் கறக்க வருபவன். நாயும் அவனுமாகச் சாலைக்கு ஓடினார்கள்.

லிண்ட்சே சதுப்பில் இறங்கினார். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. மழைக்கோட்டும் கனத்தது. அதன் பைகளில் கயிறு, மருந்துப் புட்டி, பாதி தின்ற இறைச்சி ரொட்டி, விடிந்ததிலிருந்து வேலியோரம் பொறுக்கியவை எல்லாம் கிடந்தன. எங்கோ அருகில் பட்டை மெல்லக் கூவியது.

"கேக்குது நைரி! இங்கதான் இருக்கா!"

"ஆமா, பக்கத்துலதான். இடது பக்கம் போ."

போனார்.

"அவளும் இடது பக்கம் போறா. திட்டாதே, மிரளுவா."

"நான் எங்க திட்டினேன்?"

"உன் பெருமூச்சே போதும். சரி, நான் அவளுக்குப் பின்னால கோட்டை நகத்தறேன். நீ போய் கேட்டைத் திற."

திறந்தார்.

"வர்றா! கேட்டைத் தாண்டிட்டா! என்ன சமத்து!"

"என் கண்ணுக்குத் தெரியலையே."

"மழையில மூக்குக் கண்ணாடியைத் துடைக்காம நின்னா எப்படித் தெரியும்? நேரா வீட்டுக்கு வா. அவ உன் கூடவே வர்றா."

கன்று தப்பித்தது என்ற சந்தோஷத்தில் லிண்ட்சே ஓடாத குறையாக நடந்தார்.

"வாசலுக்கே வந்துட்டா!" என்று நைரி சமையலறைக் கதவைத் திறந்தாள்.

லிண்ட்சே நின்றுகொண்டிருந்தார். அவரைத் தவிர யாருமில்லை.

அவருடைய கோட்டுப் பை கூவியது.

அப்போது விரெமு வாளியோடு கொட்டகைப் பக்கமிருந்து வந்தான். "எங்க பாஸ் போயிட்டீங்க? பியூலா கொட்டகைக்குப் பின்னால கன்னு போட்டிருக்கா. கன்னு உடம்பு காஞ்சு எழுந்தே நிக்குது. அவ கழுத்துல பட்டையைத்தான் காணோம்."

பை மறுபடி கூவியது. விரெமு பையைப் பார்த்தான், நைரியின் கைபேசியைப் பார்த்தான்.

"அப்ப அக்கா இவ்வளவு நேரமா யாரை ஓட்டிட்டு வந்தாங்க?"