சுவருக்குள் ஒரு சிவப்புக் கோடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். வீடு சுகமா என்பதை முழுதும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் வாங்கிய இந்தப் பழைய வீட்டில் கூடத்து விளக்கு தானாக அணைந்து தானாக எரிகிறதே என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "ஒயரிங் படம் இல்லாம சுவத்துல கை வைக்க மாட்டேன் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டார். படம் வரையக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க எனக்கென்ன பைத்தியமா? இலவசமாகத் தேடினேன். முதலாவது, ஒரு சுவிட்சு வைப்பதற்குள் ஆயிரம் கேள்வி கேட்டது, ராக்கெட் விடப்போகிறவனிடம் கேட்பது போல. இரண்டாவது, நான் வரைவதை ஊருக்கெல்லாம் காட்டச் சம்மதித்தால்தான் இலவசம் என்றது. நம் வீட்டுச் சுவர் ஊருக்கு எதற்கு? மூன்றாவது நீங்கள் பென் டிரைவில் கொடுத்து அனுப்பியது. இணையமே வேண்டாம், தங்கமான மென்பொருள். வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டால் பல்பு, கோடு இழுத்தால் ஒயர். வீடு முழுதும் வரைந்து முடித்தேன்.

ஞாயிறன்று நீங்களும் மகளும் வந்துபோன மறுநாள் திறந்தால், படுக்கையறைச் சுவருக்குள் நான் வரையாத ஒரு சிவப்புக் கோடு! அழித்தேன். மறுபடி திறந்தால் அதே இடத்தில் அதே கோடு. உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு நேராக் கோடு போட வராதே" என்றாள். அதற்குள், படம் தயார் என்று நான் வரச் சொல்லியிருந்த எலக்ட்ரீஷியன் அதே சுவரில் டிரில்லை வைத்துவிட்டார். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே பூச்சை மெல்லத் தட்டிப் பார்த்தார். உள்ளே துணி சுற்றிய பழைய ஒயர். டெஸ்டரை வைத்தார், எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு வைத்தார், அப்போதும் எரிந்தது. "சார், இதுக்குக் கரண்ட் எங்கேருந்து வருது?" என்று என்னையே கேட்டார். பிறகு பையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

நாங்கள் கண்ணயர்ந்த நேரத்தில் நீங்கள்தான் வரைந்திருக்கிறீர்கள் என்று உங்கள் அத்தை கண்டுபிடித்துவிட்டாள். அழித்த கோடு எப்படித் திரும்பியது? நான் சேமிக்காமல் மூடியிருப்பேன். ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றிவிட்டு வாயே திறக்காமல் இருந்தீர்களே! பெண்ணைக் கொடுத்த இடம் சோடை போகவில்லை. கோடி நன்றி.

இருவரும் ஷாக் எதுவும் அடிக்காமல் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையில் போடும்போது மகள் போன் செய்தாள். "அவரு அன்னிக்கு கம்ப்யூட்டர் பக்கமே போகலப்பா, சோபாவுல குறட்டைதான்" என்றாள். ஆகவே மேற்படி நன்றியைத் திரும்பப் பெறுகிறேன். இப்போதுதான் படத்தைத் திறந்தேன். கோட்டின் முனையில் ஒரு பல்பு முளைத்திருக்கிறது. உள்ளேயிருந்து உங்கள் அத்தை கூப்பிடுகிறாள்: "ஏங்க, படுக்கையறையில எப்பங்க புது லைட்டு போட்டீங்க?"